சதுரம் கேட்டால் அறுகோணம் வருகிறதா? தங்க நனோ சில்லு வாங்கிய மாணவிக்குப் பதில்

கேள்வி: ஹட்டன் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளை நான். பேராதனையில் இறுதியாண்டு பௌதிகவியல் படிக்கிறேன். ஆய்வுக்காக ஒரு முகவர் மூலம், கண்ணாடியில் 580 நனோமீற்றர் இடைவெளியில் தங்க நனோ துணிக்கைகளைச் சதுரமாக அடுக்கிய சில்லு எடுத்தோம். சில்லினூடாக வரும் ஒளியை நிறமாலைமானியில் அலைநீளவாரியாக அளந்தால், 870 நனோமீற்றரில் கூரான பள்ளம், அதாவது ஒளி திடீரெனக் குறையும் இடம், வரும் என்றார். வந்தது 760 அளவில், அதுவும் மங்கலாக. "சில்லு சரி, உங்கள் நிறமாலைமானிதான் பழசு, புதிது எடுத்துத் தருகிறேன்" என்கிறார். வாங்கலாமா?

பதில்: வேண்டாம் பிள்ளை. ஒரு சதமும் கொடுக்காதீர்கள். நீங்கள் எழுதிய இலக்கங்களே ஆளைக் காட்டிக் கொடுக்கின்றன.

தனித் தங்கத் துணிக்கை ஒளியை விழுங்கினால் அகலமான பள்ளம்தான் வரும். ஒழுங்காக அடுக்கினால், ஒன்று சிதறும் ஒளி பக்கத்துத் துணிக்கைக்கு ஓடி, குறிப்பிட்ட ஓர் அலைநீளத்தில் எல்லாம் ஒரே தாளத்தில் சேரும். அங்கேதான் பள்ளம் கூராகும். அந்த அலைநீளம் எது? நிரைக்கும் நிரைக்கும் உள்ள தூரத்தைக் கண்ணாடியின் முறிவுச் சுட்டியால், அதாவது ஒளி அதனுள் எத்தனை மடங்கு மெதுவாக ஓடுகிறது என்ற எண்ணான 1.5ஆல், பெருக்குங்கள். சதுரத்தில் நிரைத் தூரம் 580, விடை 870.

இனித் தேயிலை மலையை நினையுங்கள். செடிக்குச் செடி தூரத்தை மாற்றாமல், அடுத்த நிரைச் செடியை முன் நிரையின் இரண்டு செடிகளுக்கு நடுவே நட்டால் நிரைகள் நெருங்கி வரும். அறுகோண அடுக்கு அதுதான். செடி தூரம் 580 என்றால் நிரைத் தூரம் 502. அதை 1.5ஆல் பெருக்கினால் 753. உண்மையான பள்ளம் இதற்குச் சற்று மேலே விழும். உங்கள் 760 அங்கேதான் இருக்கிறது.

ஏன் இப்படிச் செய்கிறார்கள்? நுண்மணிகளை நெருக்கிப் பரப்பினால் அவை தாமாகவே அறுகோணமாக அடங்கும். அதை அச்சாக வைத்துச் செய்வது மலிவு. சதுரத்தை எலெக்ட்ரோன் கற்றையால் எழுத வேண்டும், விலை பல மடங்கு. நடுவில் நிற்பவர் சதுரத்துக்குக் காசு வாங்கி அறுகோணத்தைக் கொடுத்தால் யாருக்குத் தெரியும்?

உங்களுக்குத் தெரியும். இருட்டறையில் 405 நனோமீற்றர் ஊதா லேசரைச் சில்லுக்கு நேர்க்குத்தாக விட்டு, பின்னால் வெள்ளைத்தாள் பிடியுங்கள். கண்ணைக் கவனம். நடுப்புள்ளியைச் சுற்றி நான்கு புள்ளி 44 பாகையளவில் விழுந்தால் சதுரம். ஆறு புள்ளி 54 பாகையளவில் விழுந்தால் அறுகோணம். பச்சை லேசரிலும் பாருங்கள்: சதுரமென்றால் 66 பாகைக்கருகில் புள்ளி வரும், அறுகோணமென்றால் வரவே வராது. 532ஐ விட 502 சிறியது அல்லவா?

மங்கலுக்குக் காரணம் வேறு. கீழே கண்ணாடி, மேலே காற்று. இரண்டிலும் ஒளி வேறு வேகத்தில் ஓடுவதால் தாளம் சேராது. மைக்ரோஸ்கோப் எண்ணெய் ஒரு துளி விட்டு மூடுகண்ணாடி வையுங்கள், மேலேயும் ஒளி கண்ணாடியில் போலவே ஓடும், பள்ளம் கூராகும். ஒளியையும் குவிக்காமல் இணைகற்றையாக விடுங்கள்.

மேலே சொன்ன நிரைத் தூரக் கணக்குக்கு ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு, அதில் பலர் விழுகிறார்கள். செவ்வகச் சாலகத்தில், அதாவது செவ்வக அடுக்கில், இரண்டு தூரங்கள் உண்டு, நம் தேயிலையில் நிரைக்கு நிரை நாலு அடி, செடிக்குச் செடி இரண்டு அடி என்பதுபோல. அங்கே ஒளியின் முனைவாக்கத் திசையை, அதாவது ஒளியின் மின்புலம் ஆடும் திசையை, பார்க்க வேண்டும். துணிக்கையிலுள்ள இலத்திரன்களும் அதே திசையில் ஆடும். இலத்திரன்கள் எந்தத் திசையில் ஆடுகின்றனவோ அந்தத் திசையில் ஒளியை வீசாது, பக்கவாட்டில்தான் வீசும். ஆகவே முனைவாக்கத்துக்குச் செங்குத்தான தூரமே கணக்கில் வரும். அந்தத் திசையைத் தெரிவுசெய்யும் வடியான முனைவாக்கியை 90 பாகை திருப்பினால் பள்ளம் இடம் மாறும். வட்டத் துணிக்கை என்றால் சதுரத்திலும் அறுகோணத்திலும் மாறாது. உங்களிடம் மாறினால் எனக்கு மறுபடி எழுதுங்கள்.

நானும் ஒருமுறை ஏமாந்தேன். "இடைவெளி" என்று மட்டும் எழுதிக் கொடுத்தேன். சில்லு செய்தவர்கள் துணிக்கைகளின் விளிம்புக்கு விளிம்பு அளந்து செய்து விட்டார்கள். பள்ளம் கருவியின் எல்லைக்கு வெளியே போய்விட்டது. திருப்பிக் கொடுக்கவும் வழியில்லை. சாமான் வாங்கும்போது மூன்று கோட்டேஷனில் குறைந்ததை எடு என்ற விதி, சாமான் சரியா என்று கேட்பதே இல்லை. மாதக்கணக்கில் சுங்கத்தில் காத்திருந்து வருவது தப்பான சில்லு, கழிவது பிள்ளைகளின் வருடம்.

அடுத்த ஓர்டரில் "மையத்துக்கு மையம் 580, சதுரச் சாலகம், சில்லின் ஐந்து இடங்களில் எடுத்த எலெக்ட்ரோன் நுணுக்குக்காட்டிப் படம் வந்த பிறகே மிச்சக் காசு" என்று எழுதுங்கள். இப்போதைக்கு லேசர் படத்தை எடுத்து, திகதி போட்டு, மேற்பார்வையாளரின் கையொப்பத்தோடு முகவருக்கு அனுப்புங்கள்.