கொலுசுப் பட்டறை வீட்டில் ஒரு கடல் வக்கீல்

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருப்பவர், போன வாரம் மனைவி, மகள், மைத்துனரோடு, மகளின் படிப்பு பற்றி யோசனை கேட்டு என்னிடம் வந்திருந்தார். மகள் இரண்டு முறை நீட் எழுதியும் அரசு சீட் எட்டவில்லை. பட்டறையை அடமானம் வைத்தாவது மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்த்துவிடலாம் என்பது மாமாவின் யோசனை. பெண்ணோ கடலைக் காக்கும் சட்டம் படிக்கிறேன் என்கிறாள். "சேலத்துல உக்காந்துக்கிட்டு கடலாங்க?" என்றார் அப்பா.

ஆறுதலாகத்தான் ஆரம்பித்தேன். மாமா கடன் கணக்கை விரித்ததும், "அண்ணா, சோறு போடுற பட்டறையில கை வைக்காதீங்க" என்று சொல்லிவிட்டேன். பிடிக்காத படிப்புக்கு அவள் கொடுத்த இரண்டு வருடம் போதும்.

அவள் கேட்பது கற்பனை வேலை அல்ல. கரையிலிருந்து 200 கடல் மைல் வரைதான் ஒரு நாட்டின் பொருளாதார உரிமை. அதைத் தாண்டினால், உலகக் கடற்பரப்பில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு யாருக்கும் சொந்தமில்லை. அங்குள்ள உயிர்களைக் காக்க 2023 ஜூனில் ஐ.நா.வில் ஓர் ஒப்பந்தம் ஏற்கப்பட்டது. இந்தியா 2024-ல் கையெழுத்திட்டது; 2026 ஜனவரியில் நடைமுறைக்கும் வந்துவிட்டது. நடுக்கடலில் காப்பகம் அறிவிப்பது, ஆழ்கடல் உயிரியின் மரபணுவால் வரும் லாபத்தைப் பங்கிடுவது என்று வரிவரியாக விதி எழுத ஆள் தேவை. 'செய்யலாம்' என்பதா, 'செய்ய வேண்டும்' என்பதா என்று இழுத்துப் பிடிக்கும் வேலை. வழக்கென்றால் ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் கடல் சட்டத் தீர்ப்பாயம் இருக்கிறது. குட்டித் தீவு நாடுகள் போய்க் கேட்டதற்கு, பசுமைக்குடில் வாயுக்களும் கடலை மாசுபடுத்துபவையே என்று 2024 மே மாதம் கருத்துச் சொன்னது அதுதான்.

முதல் படி சேலம் அரசு சட்டக் கல்லூரியிலேயே இருக்கிறது. தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களுக்கான நுழைவுத் தேர்வான கிளாட் எழுதித் திருச்சி தேசிய சட்டப் பல்கலைக்கழகம் கிடைத்தாலும், ஃபீஸைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். அப்புறம் சென்னை: உயர் நீதிமன்றத்தில் கப்பல் வழக்குகள், சுற்றுச்சூழல் வழக்குகளைப் பார்க்கும் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு. ஜூனியராக முதல் சில வருடம் பெட்ரோல் காசுதான் மிஞ்சும், அதையும் மறைக்கவில்லை. கடல் சட்டத்துக்கென்றே மால்டாவில் ஒரு கல்வி நிறுவனம் உண்டு. ஆனால் உதவித்தொகைக் கடிதம் கைக்கு வராமல் விமான டிக்கெட் எடுக்கக் கூடாது.

அந்த ஐ.நா. ஒப்பந்தத்தில் நான்கு பக்கம் அச்செடுத்துப் பெண்ணிடம் கொடுத்தேன். அம்மா காபி குடித்து முடிப்பதற்குள் நிமிர்ந்தாள். "சார், மரபணு பத்தின பகுதியில மீன்பிடிப்பை மட்டும் ஏன் விலக்கி வச்சாங்க?"

மாமா ஏதோ சொல்ல வந்தார். அப்பா கையமர்த்திவிட்டு, "அப்ளிகேஷன் எப்பங்க குடுப்பாங்க?" என்றார்.