'யானைக்கும் அடி சறுக்கும்': யார் யாருக்குச் சொல்வது?

கேள்வி: மாலையில் பிள்ளைகளுக்கு இலவசமாகப் பாடம் சொல்லித்தரும் தன்னார்வக் குழுவில் இருக்கிறேன். பலகையில் தினமும் ஒரு பொன்மொழி எழுதுவது என் வேலை. கணக்கும் என் பொறுப்பு. இளைய தோழி ஒருத்தி வாங்கி வந்த நன்கொடை உறையை ஏதோ ஒரு கோப்புக்குள் வைத்துவிட்டு மறந்துவிட்டேன். கொடுத்தவர் ரசீது கேட்டபோது எல்லோரும் அவளைத்தான் சந்தேகப்பட்டார்கள். பிறகு உறை கிடைத்தது. சத்தமில்லாமல் பணத்தைப் பெட்டியில் சேர்த்துவிட்டேன். வாடியிருந்த அவளிடம் 'யானைக்கும் அடி சறுக்கும்' என்று ஆறுதல் வேறு சொன்னேன். இப்போது பலகையில் எழுதக் கை வரவில்லை. உண்மையைச் சொன்னால், இத்தனை நாள் செய்த சேவைக்கு மதிப்பிருக்குமா?

பதில்: அன்புள்ள சகோதரி, உறையை மறந்தது சின்ன விஷயம். யாருக்கும் நடக்கும். அவள் மீது பழி விழுந்தபோது வாய் திறக்காமல் இருந்தீர்களே, அதுதான் பெரியது. பணம் திடீரென்று பெட்டியில் வந்து உட்கார்ந்ததைப் பார்த்தவர்கள், அவள்தான் பயந்துபோய்த் திருப்பி வைத்தாள் என்றுகூட நினைத்திருக்கலாம். கணக்கு நேராகிவிட்டது, அவள் பெயர் இன்னும் நேராகவில்லை.

'யானைக்கும் அடி சறுக்கும்' நல்ல பழமொழிதான். ஆனால் அது அவள் உங்களுக்குச் சொல்ல வேண்டியது. சறுக்கியவர், சறுக்காத ஒருத்தியிடம் அதைச் சொன்னால், தவறை அவள் தலையில் கட்டியது போல ஆகிவிடுகிறது. 'தவறுவது மனித இயல்பு' என்று நாமெல்லாம் சுலபமாகச் சொல்லிக்கொள்கிறோம். ஆங்கிலக் கவிஞர் அலெக்சாண்டர் போப் 1711-ல் வெளியிட்ட கவிதையில் அந்த வரி அத்தோடு முடியவில்லை. 'மன்னிப்பது தெய்வ இயல்பு' என்று தொடர்கிறது. அந்தப் பாதி இப்போது உங்கள் தோழியின் கையில் இருக்கிறது. நடந்ததே தெரியாமல் அவள் எதை மன்னிப்பாள்?

உங்கள் நிலைக்கு நேராகப் பேசுவது இந்தக் குறள்தான்:

எற்றென்று இரங்குவ செய்யற்க செய்வானேல்
மற்றன்ன செய்யாமை நன்று.

'ஐயோ, இப்படிச் செய்துவிட்டோமே' என்று பின்னால் வருந்தும் செயலைச் செய்யாதே. செய்துவிட்டால், மறுபடி அது போன்றதைச் செய்யாதே என்கிறார் வள்ளுவர். நீங்கள் பேசாமல் இருக்கும் ஒவ்வொரு நாளும் அதே தவறை மறுபடி செய்யும் நாள்தான். அதனால் தள்ளிப்போடாதீர்கள்.

முதலில் அவளைத் தனியாகப் பாருங்கள். அப்புறம் எந்தக் கூட்டத்தில் அவளைச் சந்தேகமாகப் பார்த்தார்களோ, அதே கூட்டத்தில் எல்லோர் முன்னும் சொல்லுங்கள்: "உறையை மறந்து வைத்தது நான். கிடைத்த பிறகும் சொல்லாமல் இருந்தது நான். அவள் மீது எந்தத் தவறும் இல்லை." மூன்று வாக்கியம் போதும். வேலை அதிகம், மறதி என்றெல்லாம் சேர்க்காதீர்கள். அவள் அழலாம், கோபப்படலாம், கொஞ்ச நாள் பேசாமலும் இருக்கலாம். அதற்கு அவளுக்கு முழு உரிமை உண்டு.

சேவையின் மதிப்பு பற்றிக் கேட்டீர்கள். பிள்ளைகள் கற்ற பாடத்தை யாரும் திருப்பி வாங்க முடியாது. கணக்கை மட்டும் கொஞ்ச காலம் இன்னொருவரும் சேர்ந்து பார்க்கட்டும் என்று நீங்களாகவே கேளுங்கள், உங்களுக்கும் நிம்மதி.

பலகையில் எழுதுவதை விட்டுவிடாதீர்கள். வாசகத்தின் கீழே போடும் பெயரில் மட்டும் கவனமாக இருங்கள். 'உலகில் காண விரும்பும் மாற்றமாக நீயே இரு' என்பது காந்தி பெயரில் எங்கும் சுற்றுகிறது. அவருடைய எழுத்துகளில் அந்த வாசகம் அப்படியே இல்லை; நம்மை மாற்றிக்கொண்டால் உலகின் போக்கும் மாறும் என்ற பொருளில் 1913-ல் எழுதியிருக்கிறார், அவ்வளவுதான். யார் சொன்னது என்று உறுதியாகத் தெரியாவிட்டால், பெயர் போடாமல் வாசகத்தை மட்டும் எழுதுங்கள்.