தலைவரைத் தேர்ந்தெடுப்பது யார்?

கேள்வி: சீனாவிலும் அதிபர் தேர்தல் நடக்கிறதே, ஐயா, அதை ஏன் ஜனநாயகம் என்று ஏற்பதில்லை?

பதில்: வாக்கெடுப்பு நடக்கிறது, போட்டிதான் இல்லை. 2023 மார்ச்சில் சீன நாடாளுமன்றமான தேசிய மக்கள் பேரவையில் ஷி சின்பிங்குக்கு 2,952 வாக்குகள் விழுந்தன, எதிர்ப்பு ஒன்றுகூட இல்லை. உண்மையான அதிகாரம் ஆளும் கம்யூனிஸ்ட் கட்சியின் பொதுச் செயலாளர் பதவியில் இருக்கிறது; அதில் அவர் 2022 அக்டோபரிலேயே மூன்றாம் முறையாக அமர்ந்துவிட்டார்.

கேள்வி: ஈரானில் பலர் போட்டியிடுகிறார்கள், முடிவும் முன்கூட்டியே தெரிவதில்லை. அதை எதில் சேர்ப்பது?

பதில்: அங்கே வடிகட்டல் வாக்குச்சீட்டு அச்சாகும் முன்பே முடிந்துவிடுகிறது. 12 பேர் கொண்ட பாதுகாவலர் மன்றம்தான் வேட்பாளர்களை அனுமதிக்கிறது. அவர்களில் 6 மதச்சட்ட அறிஞர்களை, அதிபருக்கும் மேலான அதிகாரம் கொண்ட மதத் தலைவரான உச்சத் தலைவர் நேரடியாக நியமிக்கிறார். மற்ற 6 சட்ட வல்லுநர்களை, உச்சத் தலைவரால் நியமிக்கப்படும் நீதித்துறைத் தலைவர் முன்மொழிய, நாடாளுமன்றம் தேர்ந்தெடுக்கிறது. 2021இல் மனு செய்த 592 பேரில் 7 பேருக்கும், 2024இல் 80 பேரில் 6 பேருக்கும் மட்டுமே அனுமதி கிடைத்தது. ஆனாலும் மக்களின் வாக்கு வீண் என்று நான் சொல்லமாட்டேன். 2024 ஜூலையில் சீர்திருத்தவாதியான பெசெஷ்கியான், கடும்போக்காளர் ஜலீலியை இரண்டாம் சுற்றில் வென்றார். உச்சத் தலைவரின் கதைதான் வேறு. அவரைத் தேர்ந்தெடுக்கும் 88 பேர் கொண்ட நிபுணர் அவையை மக்களே தேர்ந்தெடுக்கிறார்கள், ஆனால் அந்த அவைக்குப் போட்டியிடுவோரையும் அதே பாதுகாவலர் மன்றம்தான் சலித்தெடுக்கிறது. சுற்றிச் சுற்றி வந்தாலும் சாவி ஒரே வீட்டில்தான் இருக்கிறது.

கேள்வி: பிரிட்டனில் லிஸ் டிரஸ்ஸையும் மக்கள் தேர்ந்தெடுக்கவில்லையே?

பதில்: உண்மைதான். 2022இல் 81,326 கன்சர்வேட்டிவ் கட்சி உறுப்பினர்களின் வாக்குகளே அவரைப் பிரதமராக்கின; அது எனக்கும் உறுத்தலான முறையே. ஆனால் சொந்தக் கட்சி எம்.பி.க்களின் ஆதரவை இழந்ததும் ஏழே வாரங்களில் அவர் விலக நேர்ந்தது. 2024 பொதுத்தேர்தலில் அவருடைய கட்சி ஆட்சியையும், அவர் தம் தொகுதியையும் இழந்தார்கள்.

கேள்வி: பதவிக்கால வரம்பு இருந்தால் போதாதா?

பதில்: போதாது. சீன அரசியலமைப்பிலும் அதிபருக்கு இரண்டு முறை என்ற வரம்பு இருந்தது. 2018இல் 2,958 பேர் ஆதரிக்க, இரண்டே பேர் எதிர்க்க, அது நீக்கப்பட்டது. வேண்டியது, முடியாது என்று சொல்லக்கூடிய ஓர் அமைப்பு. மேற்கு ஆப்பிரிக்க நாடான செனகலில் 2024 பிப்ரவரி அதிபர் தேர்தலை அதிபர் மக்கி சால் தள்ளிவைத்தபோது, அரசியலமைப்பு மன்றம் அதைச் செல்லாது என்றது. (எதிர்க்கட்சித் தலைவர் சோன்கோவைப் போட்டியிட விடாததும் இதே மன்றம்தான்.) மார்ச் 24 அன்று தேர்தல் நடந்தது, பத்து நாள் முன்புவரை சிறையிலிருந்த, சோன்கோவின் கூட்டாளியான பஸ்ஸிரு ஜொமாய் ஃபாய் வென்றார்.