மழை அறிக்கையை வைத்து என்ன செய்வது? பர்மாத் தமிழ் விவசாயிகளுக்கான கேள்வி பதில்

பெகு, தட்டோன், மோல்மேன், ஐராவதி டெல்டா, ரங்கூன் என்று பல பக்கமிருந்தும் கேள்விகள் வந்திருக்கின்றன. நான் வானிலை படித்தவள். பெகுப் பக்கத்து நெல் விவசாயிகளோடு விதைப்பு, பாசனத் திட்டங்களில் வேலை பார்க்கிறேன். ஒரே மாதிரிக் கேள்விகளை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். பருவ முன்னறிவிப்பு என்று நான் சொல்வது, அடுத்த மூன்று நான்கு மாத மழையைப் பற்றி முன்கூட்டியே வரும் அறிக்கை. நாளைக்கு மழை வருமா என்று சொல்லும் அறிக்கை வேறு. எல் நினோ என்பது பசிபிக் கடலின் நடுப்பகுதி வழக்கத்தைவிடச் சூடாகும் காலம், லா நினா என்பது அது வழக்கத்தைவிடக் குளிரும் காலம்.

பெகு, நெல் விவசாயி: அக்கா, 2023-ல எல் நினோ, மழை குறையும்னாங்க. அக்டோபர்ல பெகு டவுனே முழுகிப்போச்சு. அப்புறம் அந்த அறிக்கையை எதுக்கு நம்பணும்?

நியாயமான கேள்வி அண்ணே. இதற்குத்தான் கொஞ்சம் நீளமாகப் பதில் சொல்லப்போகிறேன், மற்ற எல்லாமே இதிலிருந்துதான் வருகிறது.

முப்பது வருட மழைக் கணக்கை எடுத்து (இப்போது பெரும்பாலும் 1991 முதல் 2020 வரை) மூன்றாகப் பிரிப்பார்கள். மழை குறைந்த பத்து வருடம், நடுத்தரமான பத்து, அதிகமான பத்து. எதுவுமே தெரியாத நிலையில் வரப்போகும் பருவம் எந்தப் பங்கில் விழுந்தாலும் வாய்ப்பு 33 சதவீதம்தான். கடலின் சூட்டைப் பார்த்துவிட்டு "குறைவு 45, நடுத்தரம் 35, அதிகம் 20" என்று மாற்றிச் சொல்வதுதான் பருவ அறிக்கை. இதை நம் ஆட்களுக்குச் சொல்லும்போது நடுவில் யாரோ "இந்த வருஷம் மழை கம்மி" என்று சுருக்கிவிடுகிறார்கள். அந்த 20 அங்கேயே விழுந்துபோகிறது. ஐந்தில் ஒன்று என்பது சின்ன வாய்ப்பு இல்லை.

இன்னொன்று, அந்த அறிக்கை பேசுவது மூன்று மாத மழையின் கூட்டுத்தொகையை. 2023 அக்டோபரில் பெகுவில் ஒரே நாளில் எட்டு அங்குலத்தை ஒட்டி மழை கொட்டியது. மொத்தத்தில் மழை குறைந்த பருவத்திலும் இப்படி ஒரு நாள் வரலாம். அந்த நாளைச் சொல்வது பருவ அறிக்கையின் வேலை இல்லை, மூன்று நாள் அறிக்கையின் வேலை. ஒன்றின் வேலையை இன்னொன்றிடம் கேட்டால் இரண்டின் மேலும் நம்பிக்கை போய்விடும்.

ரங்கூன், பெயர் போடாதவர்: எல் நினோ வந்தா மழை கொட்டும்னு சென்னை யூடியூப்ல சொல்றாங்க. நீங்க குறையும்னு சொல்றீங்க. எது சரி?

அவரவர் ஊருக்கு இரண்டுமே சரி. தமிழ்நாட்டுக்கு முக்கிய மழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை வரும் வடகிழக்குப் பருவமழை. எல் நினோ வருடங்களில் அது கூடுதலாகப் பெய்யும் போக்கு உண்டு. நமக்கு மழை தருவது மே முதல் அக்டோபர் வரை வீசும் தென்மேற்குப் பருவக்காற்று. எல் நினோ வந்தால் நம் பக்கம் கோடை கடுமையாகும், பருவமழை பிந்திப்போகும் போக்கு இருக்கும். 2024 ஏப்ரல் 28-ல் நடு பர்மாவின் சௌக் ஊரில் 48.2 டிகிரி அடித்ததே, அது எல் நினோ அடங்கிக்கொண்டிருந்த நேரம். சொந்தக்காரர்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பும் தமிழ்நாட்டு அறிக்கையை வைத்து இங்கே நாற்றங்கால் போடாதீர்கள். இதை எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல்வேன்.

பியாப்போன், குத்தகை விவசாயி: மே மாசம் முதல் மழையில விதைச்சிட்டு, அப்புறம் இரண்டு வாரம் காய்ஞ்சு விதை போயிடுது. பருவ அறிக்கை இதுக்கு உதவுமா?

நேரடியாக உதவாது தம்பி. டெல்டாவில் பருவக்காற்று பெரும்பாலும் மே மூன்றாம், நான்காம் வாரத்தில் நிலைகொள்ளும். அதற்கு முன்னால் வங்காள விரிகுடாவில் ஒரு தாழ்வு மண்டலம் உருவாகி மழை தந்துவிட்டுப் போகும். பார்ப்பதற்குப் பருவமழை மாதிரியே இருக்கும். அது கலைந்தபின் காற்று மறுபடி திரும்பிவிடும்.

பருவ அறிக்கை தருவது ஒரு சாய்வு மட்டும். "ஆரம்பப் பருவம் குறைவு" பக்கம் சாய்ந்திருந்தால், விதை மொத்தத்தையும் முதல் மழையில் இறக்காதீர்கள். நாற்றங்காலை இரண்டாகப் பிரித்து, பத்து நாள் இடைவெளியில் போடுங்கள். விதைக்கும் நாளை முடிவு செய்ய பத்து நாள் அறிக்கையைப் பாருங்கள். தென்மேற்குக் காற்று விடாமல் வீசுகிறதா, மழை அடுத்தடுத்த நாள்களில் தொடர்கிறதா என்று நீங்களே வயலில் நின்று பார்ப்பதும் அதே அளவு முக்கியம்.

பாவ்சான் மாதிரிப் பழைய ரகம் போடுபவர்கள் ஒன்றை மனதில் வையுங்கள். பகல் குறையும்போதுதான் அது பூக்கும். பத்து நாள் பிந்தி நட்டாலும் அறுப்பு பத்து நாள் பிந்தாது. தூர் கட்டும் காலம்தான் குறையும், விளைச்சலும் அதற்கேற்பக் குறையும். சீக்கிரம் விளையும் குறுகிய கால ரகத்தில் இந்தச் சிக்கல் இல்லை. ஆரம்ப மழை பிந்தும் என்று சாய்ந்த வருடத்தில் கொஞ்ச நிலத்தையாவது அதற்கு ஒதுக்குங்கள்.

பெகு, ஆறு ஏக்கர் வைத்திருப்பவர்: வெள்ளம் தாங்கும் நெல்லுன்னு தர்றாங்க. ஆனா பாவ்சானுக்குக் கிடைக்கிற விலை அதுக்கு இல்ல. எந்த வருஷம் அதைப் போடறது?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது ஐயா, ஏனென்றால் அறிக்கைக்கு உண்மையான வேலை இங்கேதான் இருக்கிறது.

ஒரு கணக்குப் போடுவோம். எண்கள் உதாரணத்துக்குத்தான், உங்கள் எண்ணை நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள். விலை குறைந்த ரகம் போடுவதால் ஏக்கருக்கு நஷ்டம் 1 பங்கு. வெள்ளத்தில் பயிர் முழுக்கப் போனால் நஷ்டம் 7 பங்கு. அப்படியானால் வெள்ளம் வரும் வாய்ப்பு ஏழில் ஒன்றைத் தாண்டினால் பாதுகாப்பான ரகம் போடுவது லாபம். தாண்டாவிட்டால் பாவ்சானே லாபம்.

இப்போது உங்கள் வயலைப் பாருங்கள். ஆற்றோரப் பள்ளத்தில் நாலு வருடத்துக்கு ஒருமுறை தண்ணீர் ஏறுகிறது என்றால், அங்கே அறிக்கை எப்படி வந்தாலும் வெள்ளம் தாங்கும் ரகம்தான். மேட்டு வயலில் முப்பது வருடத்தில் ஒரு தடவைதான் தண்ணீர் ஏறியது என்றால் அங்கேயும் அறிக்கைக்கு வேலை இல்லை, பாவ்சான் போடுங்கள். நடுவில் பத்து வருடத்துக்கு ஒருமுறை முழுகும் வயல் இருக்கிறதே, அதுதான் அறிக்கை பார்த்து மாற்ற வேண்டிய இடம். சாதாரண வருடத்தில் அங்கே பாவ்சான். "அதிகம்" பக்கம் நன்றாகச் சாய்ந்த வருடத்தில் வாய்ப்பு ஏழில் ஒன்றை நெருங்கும், தாண்டவும் செய்யும். அந்த வருடம் ரகத்தை மாற்றுங்கள். ஆறு ஏக்கரில் இப்படி மாற வேண்டியது ஒன்றரை, இரண்டு ஏக்கர்தான் இருக்கும். முழு நிலத்தையும் அறிக்கையின் மேல் வைக்கச் சொல்பவரை நம்பாதீர்கள்.

ஒரு எச்சரிக்கை. ஸ்வர்ணா சப்1 மாதிரி ரகங்கள் இளம் பயிராக, தூர் கட்டும் பருவத்தில் முழுகினால் இரண்டு வாரம் வரை தாங்கும். பூக்கும் சமயத்திலோ கதிர் முற்றும்போதோ முழுகினால் காப்பாற்றாது. ஜூலை, ஆகஸ்ட் வெள்ளத்துக்கு அது சரி. 2023 அக்டோபர் மாதிரி வந்தால் அதுவும் போகும்.

தட்டோன், ரப்பர் தோட்டம்: எங்களுக்கு ஏதாவது?

"அதிகம்" என்று சாய்ந்தால் பால் வெட்டும் நாள்கள் குறையும் என்று கணக்கு வைத்து, மரத்துக்கு மழைக் காப்பை மே மாதத்துக்குள் கட்டிவிடுங்கள். விடாமல் ஈரம் இருந்தால் இலை உதிர்க்கும் பூஞ்சை வரும், மருந்தும் ஆளும் முன்பே பேசி வையுங்கள். மோன் மாநிலத்தில் மழை குறைந்த வருடமும் நல்ல மழைதான், அதனால் வறட்சிப் பக்கம் சாய்ந்தாலும் பெரிதாகப் பயப்பட வேண்டாம்.

ரங்கூன், பயறு வியாபாரி: உளுந்து விலை ஏறுமான்னு இதை வச்சு சொல்ல முடியுமா?

விளைச்சலைப் பற்றி ஓரளவு ஊகிக்கலாம் அண்ணே, விலையைச் சொல்ல முடியாது. அதே பசிபிக் கடல் இந்தியாவின் மழையையும் ஆட்டுவதால், அங்கே விளைச்சல் குறைந்தால் நம் உளுந்துக்குக் கேட்பு கூடும் என்பது உண்மை. ஆனால் 2017 ஆகஸ்டில் இந்தியா பயறு இறக்குமதிக்கு வரம்பு போட்டபோது இங்கே விலை என்ன ஆனது என்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அதை எந்தக் கடலும் முன்கூட்டிச் சொல்லாது.

மோல்மேன், பெரியவர்: மார்கழியில் கர்ப்போட்டம் (அந்த மாதத்து மேக ஓட்டம்) பார்த்து அடுத்த மழையைச் சொன்னவர்கள் நம் முன்னோர். அதற்கு மதிப்பே இல்லையா?

மதிப்பு உண்டு ஐயா. பல மாதம் முன்னால் தெரியும் அடையாளத்தை வைத்து வரப்போகும் மழையை ஊகிக்கலாம் என்ற எண்ணமே பருவ முன்னறிவிப்பின் அடிப்படை. 1886-ல் இந்திய வானிலைத் துறையின் தலைவர் ஹென்றி பிளான்ஃபோர்டு இந்தியாவுக்கும் பர்மாவுக்கும் சேர்த்துப் பருவமழை அறிக்கை வெளியிட்டபோது அவர் பார்த்தது இமயமலைப் பனியை. இன்று பசிபிக், இந்தியப் பெருங்கடல்களின் சூட்டைப் பார்க்கிறோம். வித்தியாசம் ஒன்றுதான். சொன்னது எத்தனை தடவை பலித்தது, எத்தனை தடவை தவறியது என்று வருடாவருடம் எழுதி வைத்துச் சரிபார்க்கிறார்கள். கர்ப்போட்டத்தையும் அப்படி எழுதி வைத்துப் பாருங்கள் ஐயா. எனக்கும் அந்தக் கணக்கு வேண்டும்.

டெல்டா, ஒரு தாய்: லா நினா வருதுன்னா நர்கீஸ் புயல் மாதிரி வரும்னு பேசிக்கறாங்க. பிள்ளைங்க பயப்படுதுங்க.

அம்மா, 2008 மே 2-ல் நர்கீஸ் கரை கடந்தது லா நினா காலத்தில்தான். ஆனால் 2023 மே 14-ல் சிட்வே பக்கம் மோக்கா அடித்தபோது கடல் எல் நினோவை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. புயல் எந்தக் கரையில், எந்த நாளில் அடிக்கும் என்று எந்தப் பருவ அறிக்கையும் சொல்லாது. நம் கடலில் ஏப்ரல், மே மாதங்களும், அக்டோபர் முதல் டிசம்பர் வரையும் எந்த வருடமானாலும் புயல் காலம்தான். நர்கீஸில் சுமார் 1,38,000 பேர் இறந்தும் காணாமலும் போனார்கள். பெரும்பாலானவர்களைக் கொண்டுபோனது காற்று இல்லை, அதோடு உள்ளே ஏறிவந்த கடல் நீர். அதனால் லா நினாவா என்று பார்க்காமல், எந்த உயரமான கட்டடத்துக்கு ஓடுவது, தாத்தா பாட்டியை யார் தூக்குவது என்று ஒவ்வொரு மார்ச்சிலும் பிள்ளைகளை உட்கார வைத்துப் பேசிவிடுங்கள். என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்துவிட்டால் பிள்ளைகளுக்குப் பயமும் குறையும்.

கூடவே ஒன்று. எல் நினோ வருடத்தில் ஆற்று நீர் குறைந்து, மார்ச் முதல் மே வரை உப்பு நீர் மேலே ஏறிவரும். அப்படிச் சாய்ந்த வருடத்தில் கீழ் டெல்டாவில் கோடை நெல்லைக் குறையுங்கள். குடிநீர்க் குளத்தை மழை நிற்கும் முன்பே தூர்வாரி நிரப்பிக்கொள்ளுங்கள்.

பெகு, கோயில் இளைஞர் குழு: வெள்ளம் வந்தப்புறம் ஓடி ஓடி வேலை செஞ்சோம். அக்கா, முன்னாடியே எப்படித் தயாராகறது? காசு கம்மி.

காசு கம்மி என்பதால்தான் முன்னாடியே செய்ய வேண்டும் தம்பி. 2008-ல் மேற்கு ஆப்பிரிக்காவில் மழை அதிகம் என்று பருவ அறிக்கை வந்தது. செஞ்சிலுவைச் சங்கக் கூட்டமைப்பு வெள்ளம் வரும் முன்பே நிதி கேட்டு, பொருள்களை அந்தந்த வட்டாரத்தில் இறக்கி வைத்தது. பருவ அறிக்கையை மட்டும் நம்பி அவர்கள் அப்படி நிதி கேட்டது அதுதான் முதல் முறை. முந்தைய வருடம் வாரக்கணக்கில் பிந்திய உதவி, அந்த வருடம் சில நாள்களில் போய்ச் சேர்ந்தது.

உங்கள் குழுவுக்கு இப்படிப் பிரித்துக்கொடுப்பேன். பருவ அறிக்கை "அதிகம்" பக்கம் சாய்ந்தால், வீணாகாத வேலைகளை மட்டும் ஜூனில் செய்யுங்கள். வாய்க்கால் தூர்வாருவது, எந்தத் தெருவில் நடக்க முடியாதவர்கள் இருக்கிறார்கள் என்று பட்டியல் எடுப்பது, படகுக்காரரிடம் வாடகை பேசி வைப்பது. மழை வராவிட்டாலும் இதில் ஒன்றும் நஷ்டமில்லை. இரண்டு வாரத்துக்குள் கனமழைக்கு அறிகுறி என்று அறிக்கை வந்தால் அரிசி, குடிநீர், தார்ப்பாய் வாங்கிக் கோயில் மண்டபத்தின் உயரமான இடத்தில் ஏற்றுங்கள். மூன்று நாள் எச்சரிக்கை வந்தால் ஆட்களை நகர்த்துங்கள். எந்த அறிக்கை வந்தால் யார், எதை, எவ்வளவு காசில் செய்வது என்று ஒரே தாளில் எழுதி, குழுவில் எல்லாரும் கையெழுத்துப் போடுங்கள். வெள்ளம் ஏறும் ராத்திரியில் உட்கார்ந்து விவாதம் பண்ண நேரம் இருக்காது.

ஜூன் அறிக்கை குறைவு பக்கம் சாய்ந்தாலும் இரண்டு வார, மூன்று நாள் வேலைகள் அப்படியே இருக்கட்டும். மேலே பெகு அண்ணன் கேட்டதற்குச் சொன்ன அந்த 20 சதவீதம் இதற்குத்தான்.

பல பேர்: எந்த மாசத்து அறிக்கையைப் பாக்கணும்? எங்க கிடைக்கும்?

பிப்ரவரி, மார்ச்சில் எல் நினோ பற்றி வரும் பேச்சை வைத்து முடிவெடுக்காதீர்கள். வடகோளத்து வசந்த காலத்தில் பசிபிக் எந்தப் பக்கம் திரும்பும் என்று கணிப்பது மிகக் கடினம். மே, ஜூனுக்குப் பிறகு நம்பகம் கூடும். ஏப்ரல் கடைசியில் தெற்காசிய நாடுகளின் வானிலைத் துறைகள் கூட்டாக ஒரு பருவ அறிக்கை வெளியிடுவார்கள், பர்மாவும் அதில் உண்டு. நம் வானிலை நீரியல் துறை பருவத்தை ஆரம்பம், நடு, கடைசி என்று பிரித்துத் தனித்தனியாகச் சொல்கிறது. மாத அறிக்கையும் பத்து நாள் அறிக்கையும் வரும். இணையம் இல்லாத ஊரில் ரேடியோவில் கேட்கலாம். பர்மிய மொழியில்தான் இருக்கும், வீட்டில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையை எழுதி வைக்கச் சொல்லுங்கள். செப்டம்பர், அக்டோபருக்கான கடைசிப் பருவ அறிக்கையைத் தவறவிடாதீர்கள். அறுப்புக்குப் பின் ஈரத்தை நம்பி உளுந்து விதைப்பவர்களுக்கும், அறுத்த கதிரைக் களத்தில் காய வைப்பவர்களுக்கும் அதுதான் முக்கியம். அது "அதிகம்" பக்கம் சாய்ந்தால் தார்ப்பாயையும் அறுவடை இயந்திரத்தையும் செப்டம்பரிலேயே பேசிவிடுங்கள், அக்டோபரில் எல்லாரும் ஒரே நாளில் தேடுவார்கள்.