வாய்க்கால் ஓரத்துச் செடியை நம்பாதீர்கள்

கேள்வி: 30 சென்டில் மாட்டுத் தீவனத்துக்குக் குதிரைமசால் (லூசர்ன்) போட்டிருக்கிறேன். நன்றாகத் தழைத்த பத்துச் செடிகளில் விதை எடுத்து விதைத்தேன். முளைத்தவை எல்லாம் நோஞ்சான். ஏன்? – தாராபுரம் வாசகர்.

அந்தப் பத்தும் எங்கே நின்றன? வாய்க்கால் ஓரமாகவோ எருக்குழிப் பக்கமாகவோ இருந்திருக்கும். பக்கத்துச் செடி செத்து, இடம் கிடைத்துப் படர்ந்ததும் இருக்கும். தண்ணீரும் எருவும் செய்த வேலையைச் செடியின் குணம் என்று எண்ணிவிட்டீர்கள். அது விதைக்குள் போகாது.

வரப்போரத்தை விட்டுவிட்டு, வயலை ஐந்துக்கு ஐந்து மீட்டர் கட்டங்களாகப் பிரியுங்கள். நாற்பது கட்டமாவது தேறும். ஒவ்வொன்றிலும் அக்கம்பக்கத்தைவிட மேலான ஒரே செடி. மக்காச்சோளத்தில் பயிர் ஆராய்ச்சியாளர் கார்ட்னர் 1961இல் சொன்ன வழிதான். முதல் அறுப்பைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். கோடை தாண்டி, நாலைந்து அறுப்புக்குப் பிறகும் தூரில் வேகமாகத் துளிர்ப்பதுதான் உங்கள் செடி. நீங்கள் தண்ணீர் விடும் அளவிலேயே பாருங்கள். ஆராய்ச்சிப் பண்ணையில் வேளாவேளைக்குப் பாய்ச்சி எடுத்த எக்டருக்கு இத்தனை டன் கணக்கு, ஒரு மணி நேரம் ஓடும் உங்கள் போர்வெல்லுக்கு எதற்கு? யாரிடம் சொல்லி என்ன!

தேனீ மூலம் அயல் மகரந்தம் சேரும் பயிர் இது. தேர்ந்த செடிகளை மட்டும் பூக்க விட்டு, மற்றதைப் பூக்கும் முன் அறுத்துவிடுங்கள். இரண்டு மூன்று செடியோடு நிறுத்தினால் சொந்தத்துக்குள் கலந்து வீரியம் போய்விடும்.

தீவனத் தட்டைப்பயறு போடுபவர்களுக்கு இது வேறு. அது பெரும்பாலும் தன் பூவுக்குள்ளேயே மகரந்தம் சேர்த்துக்கொள்ளும். நல்ல ஒரு செடியின் விதையைத் தனியாக வைத்து விதைத்தால் தாயைப் போலவே வரும். பக்கத்தில் என்ன பூத்தது என்ற கவலை அவ்வளவாக இல்லை, ஒரே செடியில் ஆரம்பித்தாலும் வீரியம் குறையாது. ஆனால் அந்த ஒரு செடியும் வாய்க்கால் ஓரத்தது என்றால் பழைய கதைதான்.

அப்புறம், மூட்டையைப் பிரித்துவைத்து “வடநாட்டு விதை, பத்து வருஷம் நிற்கும்” என்பவரிடம் வாங்காதீர்கள். குதிரைமசால் விதையோடு கஸ்கூட்டா என்ற ஒட்டுண்ணிக் களையின் விதையும் வரும். மஞ்சள் நூலாகச் சுற்றிச் செடியை உறிஞ்சிவிடும். மூட்டையில் நீல அட்டை இருந்தால் சான்று விதை. பச்சை அட்டை, விற்பவர் தானே கொடுத்துக்கொள்ளும் வாக்கு. நீல அட்டை கேட்டால் “இன்னும் வரலை” என்பார்கள், எனக்கும் பலமுறை அதே பதில்தான். அதற்காகச் சில்லறை விதைக்குப் போகாதீர்கள். ஏற்கெனவே மஞ்சள் நூல் தெரிகிறதா? பூப்பதற்குள் அந்தத் திட்டைச் செடியோடு அறுத்து அங்கேயே எரித்துவிடுங்கள், மாட்டுக்குப் போடாதீர்கள்.