'நானுக்குத் தேத்தண்ணி' என்று யாராவது கேட்பார்களா?

கேள்வி: "'பிற்வீன் யூ அண்ட் ஐ', 'பிற்வீன் யூ அண்ட் மீ', இரண்டில் எது சரி? அப்புறம், 'லுக் அற் இற்' சரி என்றால் 'சுவிச் ஓஃப் இற்' மட்டும் ஏன் பிழை? ஓ.எல். எடுக்கப்போகும் மகனுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும்."

'மீ' தான் சரி. சோதனைத் தாளில் கண்ணை மூடிக்கொண்டு 'பிற்வீன் யூ அண்ட் மீ' என்று எழுதச் சொல்லுங்கள். அவசரக்காரர் இதோடு போகலாம். ஏன் என்று கேட்பவர்களுக்கு நான் பட்ட வெட்கத்தில் இருந்து தொடங்குகிறேன்.

மீள்குடியேறி ஓரிரண்டு வருடம் இருக்கும். கிளிநொச்சிப் பக்கம் எங்கள் ஊருக்குள் வெளிநாட்டு நிறுவனங்களின் வாகனங்கள் புழுதி கிளப்பிக்கொண்டு திரிந்த காலம். கண்ணிவெடி எடுக்க ஒன்று, வீடு கட்ட ஒன்று, கிணறு துப்புரவாக்க ஒன்று. ஆங்கிலம் கொஞ்சம் தெரிந்தவன் என்று பெயரெடுத்திருந்ததால் கமக்காரர் அமைப்பின் கடிதங்கள் என் தலையில் விழுந்தன. இரணைமடுத் தண்ணீர் வரும் கிளை வாய்க்கால் ஒன்றைத் திருத்துவது பற்றிய கடிதம் அது. 'உங்களுக்கும் எங்களுக்கும் இடையில் பேசியபடி' என்பதை 'பிற்வீன் யூ அண்ட் வீ' என்று எழுதியிருந்தேன். எழுதிவிட்டு, நல்ல ஆங்கிலம் என்று எனக்கு நானே மெச்சிக்கொண்டேன்.

அந்த 'வீ' எங்கிருந்து வந்தது என்பது முக்கியம். சின்ன வகுப்பில் 'மீ அண்ட் மை பிரதர் வென்ட்' என்று எழுதிப் பிரம்படி வாங்கியவன் நான். 'மை பிரதர் அண்ட் ஐ' என்று திருத்தினார்கள். அது நியாயமான திருத்தம்தான், அங்கே அது எழுவாய். ஆனால் என் மண்டையில் ஏறியது வேறு: 'அண்ட்' வந்தால் 'மீ', 'அஸ்' எல்லாம் படிக்காதவன் பேச்சு, 'ஐ', 'வீ' தான் மரியாதை. அடிக்குப் பயந்து சரியான இடத்திலும் 'மீ'யைக் கைவிட்டேன். ஆங்கிலேயர் வீட்டுப் பிள்ளைகளுக்கும் இதே கதைதான் நடக்கிறது. அதனால்தான் அவர்களிலேயே பலர் 'பிற்வீன் யூ அண்ட் ஐ' என்று கதைக்கிறார்கள். ஷேக்ஸ்பியரின் 'வெனிஸ் வணிகன்' நாடகத்தில் அன்ரோனியோ எழுதும் கடிதத்திலும் 'பிற்வீன் யூ அண்ட் ஐ' தான் இருக்கிறது. கடன் கணக்குத் தீர்ந்தது என்று நண்பனுக்கு எழுதுகிற இடம். ஆகவே வாயில் வந்துவிட்டால் குற்றமில்லை. ஆனால் சோதனைத் தாள் திருத்துகிறவர் ஷேக்ஸ்பியருக்குத் தரும் சலுகையை உங்கள் மகனுக்குத் தரமாட்டார்.

சரி, கடிதத்துக்கு வருகிறேன். கொடுப்பதற்கு முதல்நாள் பின்னேரம் எங்கள் ஒழுங்கையில் இருந்த ஓய்வுபெற்ற சேர் ஒருவரிடம் கொண்டுபோனேன். வாசித்தார். பேனையைத் தொடவே இல்லை.

"தம்பி, நீ வீட்டில 'நானுக்குத் தேத்தண்ணி தாங்கோ' எண்டு கேக்கிறனியோ?"

"இல்லை சேர்."

"பிறகேன் இதில கேட்டு வச்சிருக்கிறாய்?"

எனக்கு விளங்கவில்லை. அவர் விளக்கியதை என் வார்த்தையில் சொல்கிறேன். தமிழில் 'நான்' என்பது எழுவாயாக நிற்கும்போது மட்டும்தான் 'நான்'. வேற்றுமை உருபு வந்து ஒட்டினால் அது 'என்' ஆகிவிடும்: எனக்கு, என்னோடு, என்னிடம், என்னில். 'நாங்கள்' என்பது 'எங்கள்' ஆகும். மூன்று வயதுப் பிள்ளைகூட இதை யாரும் சொல்லிக்கொடுக்காமலே செய்கிறது. ஆங்கிலத்தில் அந்த உருபின் வேலையைப் பெரும்பாலும் செய்வது பிரிப்பொசிசன். ரு, ஃபோர், வித், ஃப்ரொம், பிற்வீன் எல்லாம் அதுதான். எங்களுக்குப் பின்னால் ஒட்டுகிறது, அவர்களுக்கு முன்னால் தனியாக நிற்கிறது. இடம்தான் வேறு. அது வந்தவுடன் 'ஐ' என்பது 'மீ' ஆகவேண்டும், 'வீ' என்பது 'அஸ்' ஆகவேண்டும், 'ஹீ' என்பது 'ஹிம்' ஆகவேண்டும். 'ரு ஐ' என்று எழுதுவது 'நானுக்கு' என்று எழுதுவதுதான்.

(இதில் ஒரு வேடிக்கை: எங்கள் இலக்கணத்தில் 'ஐ' இரண்டாம் வேற்றுமை உருபு, செயப்படுபொருளைக் காட்டுவது. ஆங்கிலத்து 'ஐ' எழுவாய். ஒரே ஒலி, நேரெதிர் வேலை.)

அப்படியென்றால் ஏன் தடுமாறுகிறோம்? தமிழில் 'உனக்கும் எனக்கும்' என்று ஆளுக்கொரு உருபு கிடைக்கிறது. ஆங்கிலத்தில் இரண்டு பேருக்கும் சேர்த்து முன்னால் ஒன்றே ஒன்று. இரண்டாவது ஆள் அதிலிருந்து தள்ளி நிற்பதால் கட்டவிழ்த்த மாடு மாதிரி 'ஐ' ஆகிவிடுகிறது. முதல் ஆளான 'யூ'வும் உதவி செய்யாது. எங்கே வைத்தாலும் அது 'யூ'தான். ஒரு காலத்தில் எழுவாய்க்கு 'யீ' என்றும் மற்ற இடங்களுக்கு 'யூ' என்றும் பிரித்து வைத்திருந்தார்கள். 'யீ' வழக்கொழிந்து போயிற்று. பெயர்ச்சொற்களும் தங்கள் பழைய வேற்றுமை வடிவங்களில் பெரும்பாலானவற்றை எப்போதோ தொலைத்துவிட்டன. 'ஐ', 'ஹீ' மாதிரிப் பெயருக்குப் பதிலாக வரும் இந்தப் புரொனவுன் சிலதில்தான் 'ஐ-மீ' என்கிற மாதிரி மாற்றம் மிச்சம் இருக்கிறது. 'ஹிம்', 'ஹூம்' இரண்டின் கடைசியில் கேட்கும் 'ம்' பழைய ஆங்கிலத்தின் நான்காம் வேற்றுமை. எங்கள் 'கு' மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். வேலைக்கு விண்ணப்பிக்க யாரிடமாவது நற்சான்றுக் கடிதம் வாங்கியிருந்தால் அதன் தலையில் 'ரு ஹூம் இற் மே கன்சேர்ன்' என்று இருந்திருக்கும். 'கன்சேர்ன்' என்ற வினைக்கு அது செயப்படுபொருள் என்பதால்தான் அங்கே 'ஹூ' இல்லை, 'ஹூம்'.

மகனுக்கு ஒரு சோதனை சொல்லிக்கொடுங்கள். மற்ற ஆளை எடுத்துவிட்டு வாசிக்க வேண்டும். 'ஷீ கேவ் த கீ ரு மை பிரதர் அண்ட் ஐ' என்று எழுதியிருந்தால் தம்பியைத் தூக்கிவிடுங்கள். 'ரு ஐ' என்று வரும், காது ஏற்காது. 'பிற்வீன்' மட்டும் இதற்கு மசியாது, அதற்கு எப்போதும் இரண்டு தரப்பு வேண்டும். அங்கே ஆட்களை இடம் மாற்றிப் பாருங்கள்: 'பிற்வீன் ஐ அண்ட் யூ'. உடனே பல் கூசும்.

ஆனால் தமிழ்க் காது ஓரிடத்தில் ஏமாற்றும், அதையும் சொல்லிவிடுகிறேன். 'தன்னோடு பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போனாள்' என்பதில் எங்களுக்குத் 'தன்' வேண்டும். அதைப் பார்த்து 'வித் ஹேர்செல்ஃப்' என்று எழுதினால் பிழை, 'வித் ஹேர்' போதும். 'எனது நண்பன் ஒருவன்' என்பதற்கு 'எ ஃபிரெண்ட் ஒஃவ் மீ' என்பதும் வராது, 'ஒஃவ் மைன்'. இதைப் பாடமாக்குவதுதான் வழி, காரணம் சொல்லப்போனால் இன்னொரு பதில் எழுதவேண்டும்.

இரண்டாவது கேள்வி. வயலுக்குத் தண்ணீர் இறைக்கும் பம்பை நிறுத்தச் சொல்கிறோம். 'சுவிச் ஓஃப் த பம்ப்' என்றும் சொல்லலாம், 'சுவிச் த பம்ப் ஓஃப்' என்றும் சொல்லலாம். 'ஓஃப்' இப்படி நகருகிறது என்றால் அது பம்புக்குச் சொந்தமில்லை, 'சுவிச்' என்ற வினையின் வால். பார்க்கப் பிரிப்பொசிசன் மாதிரி இருக்கும், வேலை அதுவல்ல. 'லுக் ஆஃப்டர் த கோட்' என்பதை 'லுக் த கோட் ஆஃப்டர்' என்று மாற்ற முடியுமா? முடியாது. அங்கே 'ஆஃப்டர்' உண்மையான பிரிப்பொசிசன், ஆட்டை விட்டு அசையாது. 'லுக் அற்' என்பதும் அப்படித்தான்.

வால் நகருமென்றால் 'இற்', 'ஹிம்', 'தெம்' போன்றவை நடுவில்தான் உட்கார வேண்டும்: 'சுவிச் இற் ஓஃப்', 'பிக் தெம் அப்'. நகராதென்றால் பின்னால்: 'லுக் ஆஃப்டர் இற்', 'லுக் அற் தெம்'. மகனுக்குச் சந்தேகம் வரும்போதெல்லாம் முதலில் 'த பம்ப்', 'த கோட்' மாதிரி ஒரு முழுப் பெயரைப் போட்டு நகர்த்திப் பார்க்கச் சொல்லுங்கள். பிறகு 'இற்' போடட்டும்.

வாய்க்கால் என்னவாயிற்று என்று கேட்பீர்கள். திருத்தினார்கள். கடிதத்தை யாரும் சரியாக வாசித்த மாதிரித் தெரியவில்லை.