பட்மின்டன் டபுள்ஸ் ஆட எந்த ராக்கெட் நல்லது?

விலையை விடுங்கள், முதலில் தலைப்பாரத்தைப் பாருங்கள். ராக்கெட்டை ஒரு விரலில் கிடத்தினால் சாயாமல் நிற்கும் இடம், பிடியின் அடியிலிருந்து சுமார் 28.5 சென்ரிமீற்றருக்குள் இருந்தால் தலை லேசு, 29.5ஐத் தாண்டினால் தலை பாரம், இடையில் இருந்தால் சமநிலை.

டபுள்ஸில் ஷட்டில் வலையை உரசினாற்போல் தட்டையாகச் சீறி வரும், கையை ஓங்கவே நேரம் கிடைக்காது, அதனால் சட்டென்று திரும்புகிற லேசான தலைதான் கைகொடுக்கும். மம்பட்டியைக் காம்பு நுனியில் பிடித்து வீசிப் பாருங்கள், அப்புறம் இரும்புக்குப் பக்கத்தில் பிடித்து வீசுங்கள், புரிந்துவிடும்.

எடை 4யூ, அதாவது 80–84 கிராம், போதும். பின்னால் நின்று ஸ்மாஷ் அடிப்பவரா? சரி, சமநிலை ராக்கெட் எடுக்கலாம். லயத்து முற்றத்துக் காற்றில் ஆடுவதற்கு விலை கூடியது வீண் என்பேன்.

நரம்பை இறுக்கினால் அடி பலக்கும் என்பார்கள். அப்படியில்லை, இறுக்கினால் குறிதான் கூடும், துள்ளல் குறையும்.